ஓக் தீவின் குழியும் ஃப்ரீமேசன்களின் நிலவறையும்

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகர் ஹாலிஃபாக்ஸுக்குத் தென்மேற்கே மஹோன் விரிகுடா. விரிகுடா முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். அவற்றில் ஒன்றுதான் ஓக் தீவு. மொத்தப் பரப்பே 140 ஏக்கர்தான், அதாவது 57 ஹெக்டேர். இந்தத் துண்டு நிலத்தில் 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்கள் மாற்றி மாற்றித் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையில் ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். எத்தனையோ கம்பெனிகள் தொடங்கி, பங்கு விற்று, பணத்தைக் குழியில் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. புதையல் என்று சொல்லும்படி இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

2014 முதல் ஹிஸ்டரி சேனலில் இந்தத் தீவைப் பற்றிய தொடர் ஓடுவதால் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மிலும் இருப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும்: டெம்ப்ளர்கள் (இடைக்கால ஐரோப்பாவின் வீரத்துறவிகள்), ஃப்ரீமேசன்கள். ரகசியச் சங்கத்தார் புதைத்தார்கள், ரகசியக் குறிகளை விட்டுப்போனார்கள், தெரிந்தவர்களுக்கு மட்டும் அதன் அர்த்தம் புரியும் என்றெல்லாம் சொல்வார்கள். இதில் சுத்தமான புரளியும் இருக்கிறது, உண்மையிலேயே யோசிக்க வைக்கிற விஷயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கதை

வழக்கமாகச் சொல்லப்படும் வடிவம் இப்படிப் போகும். 1795-இல் டேனியல் மெக்கினிஸ் என்ற இளைஞர் தீவுக்குள் போகிறார். ஓரிடத்தில் தரை வட்டமாகக் குழிந்திருக்கிறது. மேலே ஓக் மரத்தின் கிளையொன்று வெட்டப்பட்டு நிற்கிறது. அந்தக் கரையோரத்தில் அப்போது கடற்கொள்ளையர் கதைக்குப் பஞ்சமில்லை. 1701-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட கேப்டன் கிட் தன் செல்வத்தை எங்கோ புதைத்துவிட்டுப் போனான் என்று எல்லோரும் நம்பிய காலம். மெக்கினிஸ் தன் நண்பர்கள் ஜான் ஸ்மித், ஆண்டனி வான் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து தோண்டுகிறார். இரண்டடியில் தளம்போல் பரப்பிய கற்கள். பத்தடியில் ஓக் கட்டைகளை வரிசையாக அடுக்கிய தளம். அதைப் பெயர்த்துவிட்டுத் தோண்டினால் இருபதடியில் இன்னொன்று, முப்பதில் இன்னொன்று. அதற்கு மேல் மூன்று பேரால் முடியவில்லை, விட்டுவிடுகிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, 1803 அல்லது 1804-இல், ஆன்ஸ்லோ கம்பெனி என்ற குழு வருகிறது. பத்தடிக்கு ஒரு தளம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடுவே கரி, மக்குப் பூச்சு, தேங்காய் நார். ஆம், தேங்காய் நார்தான்! தென்னை முளைக்கவே முடியாத குளிர் நாட்டில். தொண்ணூறு அடியில் புரியாத குறிகள் செதுக்கிய கல் ஒன்று கிடைக்கிறது. அன்று சாயங்காலம் கடப்பாரையை அடியில் குத்திப் பார்க்கிறார்கள். கெட்டியாக எதிலோ இடிக்கிறது. பெட்டிதான் என்று முடிவு கட்டி, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகிறார்கள். விடிந்து பார்த்தால் குழியில் அறுபதடிக்குத் தண்ணீர். இறைக்க இறைக்க வற்றவே இல்லை.

1849-இல் ட்ரூரோ கம்பெனி துளைக்கருவி வைத்துக் குடைந்தபோது தங்கச் சங்கிலியின் மூன்று கண்ணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன என்கிறார்கள். குழித்தண்ணீர் உப்புக் கரிப்பதும், கடல் ஏறி இறங்கும்போது அதுவும் ஏறி இறங்குவதும் அதையொட்டித்தான் கவனத்துக்கு வந்தது. பக்கத்திலிருந்த ஸ்மித்ஸ் கோவ் என்ற சிறு கடற்கரையைக் கிளறினார்கள். மணலுக்கடியில் நார்ப் படுகையும், கல் அடுக்கிய வடிகால் போன்ற அமைப்பும் இருந்தன. திருட வருகிறவனை மூழ்கடிக்கக் கடலிலிருந்து குழிக்குச் சுரங்கம் வெட்டிவைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அங்கே பிறந்ததுதான்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1861-இல் நீராவிப் பம்பின் கொதிகலன் வெடித்து ஒருவர் இறந்தார். 1897-இல் இன்னொருவர் குழிக்குள் விழுந்து இறந்தார். 1909-இல் தோண்ட வந்த கம்பெனியில் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்ற இளம் வழக்கறிஞர் பங்குதாரர். ஆம், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவரேதான். 1965 ஆகஸ்டில் குழிக்குள் விஷவாயு தாக்கி ராபர்ட் ரெஸ்டால், அவர் மகன், உதவப் போன இருவர் என நான்கு பேர் ஒரே நாளில் இறந்தார்கள். அதே ஆண்டு ராபர்ட் டன்ஃபீல்ட் என்பவர் கரையிலிருந்து தீவுக்குச் சாலை போட்டு, ராட்சத இயந்திரத்தைக் கொண்டுவந்து, நூறடி அகலத்துக்கு மேடெல்லாம் வாரியெடுத்துவிட்டார். முதல் குழி சரியாக எந்த இடத்தில் இருந்தது என்பதே இன்று யாருக்கும் தெரியாமல் போனதற்கு அவருக்கும் பங்குண்டு. ஏழு பேர் பலியானால்தான் புதையல் வெளிவரும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஆறு பேர் போயாகிவிட்டது என்பதால் தொலைக்காட்சிக்கு அது வசதி.

ஒன்றை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மெக்கினிஸ், ஸ்மித், வான் மூவரும் கற்பனை ஆட்கள் இல்லை. ஸ்மித் 1795-இல் அந்தத் தீவில் நிலம் வாங்கியதற்குப் பதிவு இருக்கிறது. ஆனால் கட்டைத்தளம், குறிக்கல், கடப்பாரை என்று விவரமாகக் கதை அச்சில் வருவது 1850-களின் கடைசியிலும் 1860-களிலும்தான். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதற்குள் வாய்வழியாக எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

ஃப்ரீமேசன் என்றால் யார்?

ஃப்ரீமேசன் சங்கத்தின் வேர் கொத்தனார் வேலையில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயம் கட்டிய கல்தச்சர்களுக்கு ஊர் ஊராகச் சங்கங்கள் இருந்தன. காலப்போக்கில் கல்லையே தொடாத கனவான்களும் அதில் சேர ஆரம்பித்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் ஒரு சாராயக்கடையில் நான்கு கிளைகள் கூடி கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பை உண்டாக்கின. லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து விடுதி நினைவுக்கு வர வேண்டாம். சங்கத்தின் கிளைக்கு அதுதான் பெயர்.

அங்கிருந்து இந்தச் சங்கம் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் போனது. சென்னை எழும்பூரிலும் ஃப்ரீமேசன் ஹால் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமாரா 1770-களில் திருச்சியில் இதில் சேர்ந்தவர். நோவா ஸ்கோஷியாவில் முதல் லாட்ஜ் தொடங்கியது 1738-இல், அன்னாபோலிஸ் ராயல் என்ற ஊரில். இன்றைய கனடாவிலேயே அதுதான் முதல் லாட்ஜ். ஆக, ஓக் தீவுக் கதை அச்சேறிய காலத்தில் அந்த மாகாணத்தில் இந்தச் சங்கத்துக்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. வழக்கறிஞர், வியாபாரி, கப்பல்காரர் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஆசாமிகள் பலர் அதில் உறுப்பினர்கள். ரகசியச் சங்கம் என்றதும் முகமூடி போட்டு நிலவறையில் சதி செய்பவர்களை நினைத்துக்கொள்கிறோம். இவர்கள் யார் யார் என்பது ஊருக்கே தெரியும். எங்கே கூடுவார்கள் என்பதும் தெரியும். அடையாளச் சொற்களையும் கைகுலுக்கும் முறையையும் சடங்குகளையும்தான் வெளியே சொல்ல மாட்டார்கள். அதுவும்கூட 1730-லேயே லண்டனில் புத்தகமாக அச்சாகிவிட்டது. ஆக, இந்த ரகசியம் பாதி திறந்துகிடந்த ரகசியம்.

ஓக் தீவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது இவர்கள் பாடம் சொல்லும் முறையைப் பார்த்தால் புரியும். எதையும் நேராகச் சொல்லாமல் பொருளாகவோ கதையாகவோ நாடகமாகவோ காட்டுவது இவர்கள் வழக்கம். கொத்தனாரின் மூலைமட்டம் நேர்மையான நடத்தைக்கு அடையாளம். தூக்குக்குண்டு நிமிர்ந்த வாழ்வுக்கு. மட்டம் பார்க்கும் கருவி, மனிதர் எல்லோரும் சமம் என்பதற்கு. இப்படி ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்தும் கதையை உருவகக் கதை என்போம். கதையில் வரும் ஆட்களும் பொருள்களும் நடந்த சங்கதிகள் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. அவை எதைக் குறிக்கின்றன என்பதுதான் உறுப்பினருக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

சடங்கிலிருக்கும் நிலவறை

மேசன்களின் மையக் கதை சாலொமோன் ராஜா எருசலேமில் கட்டிய ஆலயத்தைச் சுற்றியது. ஆலயத்தின் தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப். அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லைப் பறிக்க மூன்று முரடர்கள் முயல்கிறார்கள். அவர் சொல்ல மறுக்கிறார், கொன்றுவிடுகிறார்கள். சொல் அவரோடு போய்விடுகிறது. பைபிளில் ஈராம் என்ற கைவினைஞன் வருகிறான். ஆனால் இந்தக் கொலைக் கதை அங்கே கிடையாது. இது சங்கத்தாரின் சொந்தச் சரக்கு.

தொலைந்த சொல் கிடைக்க வேண்டுமல்லவா? அதற்கென்று பிறந்த சடங்கின் பெயர் ராயல் ஆர்ச். 1740-களிலேயே இதைப் பற்றிய பதிவுகள் தென்படுகின்றன. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து யூதர்கள் திரும்பி, செருபாபேல் தலைமையில் இடிந்த ஆலயத்தை மறுபடி கட்டும் காலத்தில் கதை நடக்கிறது. வேலை கேட்டு மூன்று வழிப்போக்கர்கள் வருகிறார்கள். சங்கத்தில் இந்தப் படிக்கு உயரும் உறுப்பினர்தான் அந்த வழிப்போக்கர் வேடம் ஏற்பார். கடப்பாரை, பிக்காசு, மண்வெட்டி இந்த மூன்றும் அவர்கள் கையில். இடிபாட்டை அகற்றும்போது கடப்பாரை பட்ட இடம் உள்ளே கூடாக இருப்பதுபோல் ஒலிக்கிறது. வளைவின் உச்சிக்கல்லைப் பெயர்த்தெடுக்கிறார்கள். ஒருவரைக் கயிறு கட்டி இருட்டுக்குள் இறக்குகிறார்கள். கீழே நிலவறை. அதற்குள் காலகாலமாக மறைந்திருந்த, தெய்வத்தின் பெயர் பொறித்த பொருள் கிடைக்கிறது. காணாமல்போன சொல் அதுதான்.

மேசன் சங்கத்தின் மேல்படிகளில் இதே கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஸ்காட்டிஷ் ரைட் என்ற பிரிவில் 33 படிகள். அதில் 13-ஆம் படியில் வருவது ஏனோக்கின் கதை. ஜலப்பிரளயம் வரப்போகிறது, உலகத்தின் அறிவு அழிந்துவிடக் கூடாது என்று ஏனோக்கு பூமிக்கடியில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்பது வளைவறைகளைக் கட்டுகிறார். அடியில் உள்ள ஒன்பதாவது அறையில், தெய்வப் பெயர் பொறித்த பொன் தகட்டை வைக்கிறார். பல தலைமுறை கழித்து அதைத் தேடி மூன்று பேர் இறங்குகிறார்கள்.

இப்போது ஓக் தீவுக் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று நண்பர்கள். பத்தடிக்கு ஒன்றாகத் தொண்ணூறு அடிவரை ஒன்பது தளங்கள். குறி பொறித்த கல். கடப்பாரையைக் குத்தியதும் அடியில் ஏதோ இருப்பது தெரிவது. எடுக்கப்போகும் நேரத்தில் வெள்ளம். அமெரிக்க ஆய்வாளர் ஜோ நிக்கல் 2000-இல் இந்த ஒற்றுமைகளைக் கோத்து விளக்கமாக எழுதினார். அதோடு தேடியவர்களின் பட்டியலையும் எடுத்துப்போட்டார். 1893-இல் கம்பெனி தொடங்கிய ஃப்ரெடரிக் பிளேர், அவரோடு துளை போட்ட வில்லியம் சாப்பெல், 1930-களில் வந்த நியூ ஜெர்சி தொழிலதிபர் கில்பர்ட் ஹெடன், அவருக்குப் பின் வந்த பொறியியல் பேராசிரியர் எட்வின் ஹாமில்டன் என எல்லோரும் மேசன்கள். பிளேருக்கும் ஹெடனுக்கும் வழக்கறிஞராக இருந்த ரெஜினால்ட் ஹாரிஸ் வெறும் மேசன்கூட இல்லை. 1930-களில் நோவா ஸ்கோஷியா மேசன்களின் கிராண்ட் மாஸ்டராகவே இருந்தவர். ரூஸ்வெல்ட்டும் 1911-இல் மேசன் ஆனார்.

மேலோட்டமாகப் பார்த்தாலே புல்லரிக்கிறது, இல்லையா?

புல்லரித்த பிறகு செய்ய வேண்டியது

ஒற்றுமை இருக்கிறது என்பதிலிருந்து மூன்று வேறு முடிவுகளுக்குப் போகலாம். பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் வழக்கம்.

மேசன்களோ அவர்களுடைய முன்னோர்களோ அங்கே நிஜமாகவே எதையோ புதைத்தார்கள், அதனால்தான் சடங்கும் குழியும் ஒத்துப்போகின்றன என்பது ஒன்று. புதையலே கிடையாது, மேசன்கள் தங்களுக்குள் புரிகிற மாதிரி வேண்டுமென்றே ஓர் உருவகக் கதையைக் கட்டிவிட்டார்கள், வெளியாட்கள் அதை நிஜமென்று நம்பிவிட்டார்கள் என்பது இன்னொன்று. நிக்கலின் சாய்வு ஏறக்குறைய இந்தப் பக்கம். மூன்றாவது இவ்வளவு கவர்ச்சியானதல்ல. தீவில் ஏதோ ஒரு பள்ளம் இருந்தது. அதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசியவர்களில் பலர் மேசன்கள். நிலவறைக் கதை அவர்கள் மனதில் ஊறிப்போன ஒன்று. சொல்லச் சொல்லப் பள்ளத்தின் கதை தானாகவே நிலவறைக் கதையின் வடிவத்துக்கு வந்துவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றத் தேவையில்லை.

எனக்கு மூன்றாவதுதான் சரி என்று படுகிறது. அதற்குக் காரணம் அந்த அறுபது ஆண்டு இடைவெளிதான். ஒரே ஆளின் அனுபவத்தை மறுநாளே எழுதிவைத்திருந்தால் விவரங்களை நம்பலாம். இங்கே பேரன் காலத்தில்தான் எழுத்துக்கு வருகிறது. கதையின் வடிவங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இடங்கள் இருக்கின்றன. ஒரு வடிவத்தில் பத்தடிக்கு ஒரு கட்டைத்தளம், இன்னொன்றில் பத்தடிக்கு வெறும் அடையாளம் மட்டும். ஒன்பது என்ற எண் எந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே வருகிறது. ஏனோக்கின் ஒன்பது அறையை மனதில் வைத்துக்கொண்டு எண்ணுகிறவருக்கு ஒன்பது கிடைத்துவிடும்.

அந்தக் குறிக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ஸ்மித் அதைத் தன் வீட்டுக் கணப்பில் பதித்துவைத்திருந்தாராம். பிறகு ஹாலிஃபாக்ஸில் ஒரு புத்தக பைண்டரின் கடைக்குப் போய், அங்கே தோல் அடிக்கும் கல்லாகக் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காணாமல்போய்விட்டது. இன்று எல்லா இடத்திலும் காட்டப்படும் முக்கோணமும் புள்ளியும் சிலுவையும் கொண்ட குறிகள், கல் காணாமல்போய்ப் பல ஆண்டுகள் கழித்து, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அச்சில் வந்தன. ஒரு குறிக்கு ஓர் ஆங்கில எழுத்து என்ற கணக்கில் படித்தால் ‘நாற்பது அடிக்குக் கீழே இருபது லட்சம் பவுண்டு புதைந்திருக்கிறது’ என்று வருகிறது. இந்த மாதிரி மறைகுறியை உடைப்பது சுலபம். அடிக்கடி வரும் குறியை ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்தாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்தால் பள்ளி மாணவனே ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுவான். ஊரை ஏமாற்றக் கடலையே திருப்பிவிட்டவர், பெட்டிமேல் விலைச்சீட்டையும் ஒட்டிவைத்தமாதிரி இருக்கிறது இது. மேசன்களுக்கென்றே கட்டங்களும் புள்ளிகளும் கொண்ட ஒரு மறைகுறி முறை இருந்தது. இந்தக் கல்லின் குறிகள் அந்த முறையில்கூட இல்லை.

ஒற்றுமைகளைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும்: ஒத்துப்போகாதவை எத்தனை? ராயல் ஆர்ச் சடங்கில் தேங்காய் நார் கிடையாது, தங்கச் சங்கிலி கிடையாது, கொள்ளைக்காரன் கிடையாது. மூன்று என்ற எண்ணோ பழங்கதைகளில் எங்கும் வருவது. மூன்று அண்ணன் தம்பி, மூன்று வரம், மூன்று கேள்வி என்று எந்த நாட்டுக் கதையிலும் பார்க்கலாம். ஆகவே மூன்று பேர் என்பதை வைத்து மட்டும் எதையும் நிறுவ முடியாது. ஒன்பது தளம், பொறித்த கல், கடப்பாரை, வெள்ளம் எல்லாம் ஒரே வரிசையில் வருவதுதான் கொஞ்சம் கனமான சான்று.

சரி, அந்தப் பள்ளம் எப்படி வந்தது?

ரகசியச் சங்கத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தால் விடை அவ்வளவு மர்மமாக இல்லை. தீவின் கிழக்குப் பகுதியில், பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டுவந்து போட்ட மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லும் ஜிப்சமும் இருக்கின்றன. இரண்டும் தண்ணீரில் கரைபவை. கரைந்து உள்ளே பொந்து விழும். ஒருநாள் மேல்மண் பொத்தென்று உள்வாங்கும். 1878-இல் சோஃபியா செல்லர்ஸ் என்ற பெண் அங்கே மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தபோது காலடியில் நிலம் இறங்கி மாடு உள்ளே போய்விட்டது. இடம், நம் குழிக்குப் பக்கத்திலேதான். கட்டைகளும் இப்படி வரக்கூடியவையே. பள்ளத்துக்குள் புயலில் விழும் மரங்கள், மண், மறுபடி மரங்கள் என்று அடுக்கு அடுக்காக நிரம்பும். 1949-இல் அதே விரிகுடாவின் கரையில் கிணறு வெட்டியவர்களுக்கும் மேலே கற்களும் கீழே இடைவெளி விட்டு விட்டுக் கட்டைகளும் கிடைத்தன. அங்கே யாரும் புதையல் கம்பெனி தொடங்கவில்லை.

தண்ணீர்? கரையும் பாறையில் விரிசல்களுக்குப் பஞ்சமிருக்காது. கடல் அருகே அப்படிப்பட்ட இடத்தில் ஆழமாகத் தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறும், கடல் ஏறினால் அதுவும் ஏறும். 1990-களில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தார் வந்து பார்த்தபோதும், இயற்கையான நீரோட்டமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற பக்கம்தான் சாய்ந்தார்கள்.

எளிதில் தீராத புதிர் என்று நான் நினைப்பது தேங்காய் நார்தான். கரிமக் காலக்கணிப்பில் அதன் காலம் ஏறக்குறைய கி.பி. 1200-க்கும் 1400-க்கும் நடுவே வந்தது. கப்பலில் சரக்கு ஆடி உடையாமல் இருக்க நாரை இடுக்கில் திணிப்பது பழைய வழக்கம். அந்த வகையில் நார் எந்தத் துறைமுகத்துக்கும் வந்து சேரலாம். ஆனால் இவ்வளவு பழைய நார் அந்தக் கரையில் எப்படி, எதற்காகப் பரப்பப்பட்டது என்பதற்குக் கேட்டதும் தலையாட்டும்படியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கரையில் யாரோ உப்புக் காய்ச்சியிருக்கலாம், வடிகால் அமைப்பு அதற்குரியதாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. புதையல் சுரங்கத்தைவிட அது பொருத்தம். ஆனால் நாரின் வயதை அதுவும் விளக்கவில்லை.

டெம்ப்ளர்களைப் பற்றி ஒரு பத்தி போதும்

1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. பிரான்ஸ் அரசன் நான்காம் ஃபிலிப் டெம்ப்ளர் வீரத்துறவிகளைக் கூண்டோடு கைது செய்தான். 1312-இல் போப் அந்தச் சபையையே கலைத்தார். அவர்களுடைய கஜானா தப்பிக் கடல் கடந்து ஓக் தீவுக்கு வந்தது என்பது கதை. நாரின் வயது வேறு அந்தக் காலத்தையொட்டி வருவதால் தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். டெம்ப்ளர்களுக்கும் மேசன்களுக்கும் உறவு இருப்பதாக மேசன்களே பேச ஆரம்பித்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஜெர்மனியில் வான் ஹுண்ட் என்ற பிரபு, தன் மேசன் பிரிவு டெம்ப்ளர்களின் நேரடி வாரிசு என்று சொல்லிக்கொண்டார். புதிய சங்கத்துக்குப் பழைய பரம்பரை தேவைப்பட்டது, அவ்வளவுதான். நடுவே நானூறு ஆண்டு வெற்றிடம். டெம்ப்ளர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டியதற்கு ஒரு காகிதமோ காசோ கிடையாது. குறிக்கல்லின் இங்கிலீஷ் வாசகத்தை டெம்ப்ளர்கள் எழுதியிருக்க முடியாது என்பதையும், இரண்டையும் ஒன்றாக நம்புகிறவர்கள் யோசிப்பதில்லை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி

இவ்வளவையும் படித்த பிறகு, இது முழுக்க மேசன்கள் தங்களுக்குள் கட்டிய உருவகக் கதைதான் என்ற முடிவு சிலருக்குப் பிடித்துப்போகும். எனக்கும் அதில் ஒரு கவர்ச்சி உண்டு என்பதை மறுக்கவில்லை. புதையலே இல்லாத புதையல் கதை, அதன் உண்மைப் பொருள் தெரிந்தவருக்கு மட்டும் என்பதே அழகான யோசனைதான். ஆனால் தேடியவர்களின் வாழ்க்கை அதற்கு ஒத்துவரவில்லை. ஃப்ரெடரிக் பிளேர் 1893-இல் இறங்கினார், 1951-இல் சாகும்வரை அந்தத் தீவை விடவில்லை. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள். உரிமம் வாங்கினார், பங்குதாரர்களைச் சேர்த்தார், நிலத்துக்காக மல்லுக்கட்டினார். ஹெடன் தன் கைப்பணத்தைப் போட்டுத் தண்ணீர் இறைத்தார். ஹாமில்டன் 1938-இல் வந்து ஆண்டுக்கணக்காகத் துளைகள் போட்டார். மேசன்களான இவர்களுக்கு இந்த மாதிரி சடங்குக் கதைகள் பழக்கமான சங்கதியாகவே இருந்திருக்கும். ஒரு சடங்கின் உருவகத்தை மெய்ப்பிக்க யாரும் இத்தனை பம்பு வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். அவர்கள் நிஜமாகவே பொன்னை எதிர்பார்த்தார்கள்.

ஹாரிஸின் நிலைதான் எல்லாவற்றிலும் விநோதம். லாட்ஜில் தலைமை ஆசனத்தில் இருந்தவர். மூன்று பேர் கடப்பாரையோடு நிலவறையைக் கண்டுபிடிக்கும் கதையை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. அதே மனிதர், தேடியவர்களுக்காகச் சட்டக் காகிதங்கள் எழுதினார், ஓக் தீவைப் பற்றிய ஆவணங்களைச் சேர்த்தார், 1958-இல் அதன் வரலாற்றைப் புத்தகமாகவும் போட்டார். கீழே ஏதோ இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான்.